பட்டனை அழுத்தியதும் 5 விநாடி பொறுக்க வேண்டும், ஆனால் திரை உறையக் கூடாது: வழி என்ன?

கிளிமூக்கு (கிருஷ்ணகிரி)

வணக்கம். எங்கள் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொழி சி ஷார்ப், ஜன்னல், பட்டன் எல்லாம் வின்ஃபார்ம்ஸ். எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து ஆர்எஸ்-232 (சீரியல்) கேபிள் வழியாக எடை கம்ப்யூட்டருக்கு வருகிறது. லோடு வண்டி மேடையில் ஏறியதும் எண் கொஞ்ச நேரம் ஆடும். அதனால் 'எடை எடு' பட்டனை அழுத்தியபின் 5 விநாடி பொறுத்து எடையைப் பதிய வேண்டும். அப்புறம் 2 விநாடி கழித்துச் சீட்டு அச்சாக வேண்டும். அச்சானதும் தடுப்புக் கட்டை மேலே போய், 10 விநாடியில் இறங்க வேண்டும்.

மூன்று இடத்திலும் த்ரெட்.ஸ்லீப் (இத்தனை நேரம் அப்படியே நில் என்கிற உத்தரவு) போட்டேன். வேலை வரிசைப்படி நடக்கிறது, ஆனால் அந்த 17 விநாடியும் திரை அசையாது. 'காத்திருக்கவும்' என்று லேபிளில் காட்டச் சொல்லியிருக்கிறேன், அது கண்ணில் படுவதே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வெளுத்துப்போய் மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்துவிடுகிறது. ஆபரேட்டர் அண்ணன் பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு தட்டு தட்டுகிறார். ஒரே வண்டிக்கு மூன்று சீட்டு வந்து விழுகிறது.

பட்டனை முதல் வரியில் முடக்கி, கடைசி வரியில் திறந்துவிட்டும் பார்த்தேன். அப்போதும் மூன்று சீட்டு! முடக்கிய பட்டனை எப்படி அழுத்த முடிந்தது என்பதுதான் புரியவில்லை. சீசன் சூடு பிடித்தால் பெங்களூரா மாங்காய் லோடு ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அதற்குள் சரி செய்தாக வேண்டும்.

பரிசல்துறை (ஒகேனக்கல்)

ஸ்லீப்பை எடுத்துவிட்டு, நேரம் முடிகிற வரைக்கும் ஒரு லூப் ஓட்டுங்கள். லூப்புக்குள் அப்ளிகேஷன்.டூஈவென்ட்ஸ். வேலை முடிந்தது.

இரண்டாம் ஷிப்ட் (ஓசூர்)

பரிசல்துறை சொன்னதைச் செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பஸ்ஸில் போய்க்கொண்டே மொபைலில் தட்டுகிறேன், கோடு (புரோகிராம் வரிகள்) ஒட்ட முடியாது, வாய்ச்சொல்லாகவே சொல்கிறேன்.

மவுஸ் கிளிக், கீபோர்டு, 'ஜன்னலைத் திரும்ப வரை' என்கிற உத்தரவு, டைமர் என்று ஒரு ஜன்னலுக்கு வருகிற எல்லாமே விண்டோஸில் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அதை ஒவ்வொன்றாக எடுத்து நடத்துவது ஒரே ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் ஓடுகிற ஒரு வேலை ஓட்டம்), அதைத்தான் யூஐ த்ரெட் என்கிறோம். உங்கள் எடைமேடையையே நினைத்துக்கொள்ளுங்கள். மேடை மேல் நிற்கிற லாரியின் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிவிட்டால் பின்னால் இருக்கிற எந்த வண்டியும் நகராது. த்ரெட்.ஸ்லீப் செய்வது அதைத்தான்.

உங்கள் லேபிள் ஏன் தெரியவில்லை? எழுத்தை மாற்றியது உண்மை. ஆனால் 'திரும்ப வரை' என்ற உத்தரவு வரிசையில் பின்னால் நிற்கிறது. உங்கள் கிளிக் ஃபங்ஷன் முடிந்தால்தான் அதற்கு முறை வரும், அதற்குள் லேபிளின் வேலையும் முடிந்திருக்கும்.

மூன்று சீட்டு விஷயமும் இதே. ஆபரேட்டர் தட்டிய கிளிக்குகள் தொலைந்துபோகவில்லை, வரிசையில் காத்திருக்கின்றன. உங்கள் ஃபங்ஷனின் கடைசி வரி பட்டனைத் திறந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய கிளிக்குகள் எடுக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் பட்டன் திறந்திருக்கிறதே, அப்புறம் ஏன் ஏற்காது? முடக்கியதும் திறந்ததும் ஒரே ஃபங்ஷனுக்குள் நடந்ததால் முடக்கியதற்குப் பலனே இல்லை.

வெளுத்துப்போவது விண்டோஸின் வேலை. ஒரு ஜன்னல் 5 விநாடி வரைக்கும் தன் வரிசையைப் பார்க்கவே வரவில்லை என்றால் 'இது பதில் சொல்லவில்லை' என்று முடிவு கட்டி, அதன் மேல் ஒரு போலி ஜன்னலை வைக்கும். புரோகிராம் சாகவில்லை, ஆனால் பார்ப்பவர் செத்ததாக நினைத்து டாஸ்க் மேனேஜரில் போய் முடித்துவிடுவார்.

இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியை ராத்திரி எழுதுகிறேன்.

கிளிமூக்கு (கிருஷ்ணகிரி)

பட்டன் மர்மம் விளங்கியது, ரொம்ப நன்றி சார்.

இதற்குள் டூஈவென்ட்ஸ் போட்டுப் பார்த்துவிட்டேன். திரை உறையவில்லை, லேபிளும் தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரின் ஃபேன் கத்துகிறது. இன்னொன்று, காத்திருக்கும்போதே வண்டி எண் கட்டத்தில் அடுத்த வண்டியின் எண்ணைத் தட்டினால், முதல் வண்டியின் எடை இரண்டாவது வண்டி எண்ணில் பதிவாகிறது. இது முன்பை விட மோசம்.

அதியமான்கோட்டை (தர்மபுரி)

ஃபேன் கத்தாமல் என்ன செய்யும் தம்பி? அந்த லூப் ஒரு நொடி கூட ஓய்வெடுக்காமல் 'நேரம் ஆச்சா, நேரம் ஆச்சா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கோர் முழுக்க அதற்கே போகும்.

நான் விபி 6 (விஷுவல் பேசிக் 6) காலத்து ஆள். அந்தக் காலத்துப் புரோகிராமில் பாதி டூஈவென்ட்ஸில்தான் ஓடியது. அதனால் அதன் குணம் தெரியும். 'வரிசையில் நிற்கிறதை இப்போதே நடத்து' என்று நடு வேலையில் சொல்வதுதான் அது. நடத்துகிற வேலை உங்கள் அதே பட்டனாக இருந்தால், முதல் எடை முடியாமலே இரண்டாவது எடை உள்ளே புகும். இரண்டாவது முடிந்த பிறகுதான் முதலாவது தொடரும். உங்கள் வண்டி எண் மாறியதும் இந்த வகைதான்: காத்திருக்கும்போது மாறிய கட்டத்தை, காத்திருந்து முடித்தபின் படித்திருக்கிறீர்கள். எந்த முறையில் காத்திருந்தாலும் சரி, வண்டி எண்ணைப் பட்டன் அழுத்தின நொடியிலேயே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். வேறொரு இடத்தில் வாங்கிய பழைய விபி 6 எடைமேடைப் புரோகிராம் ஒன்று பழுது பார்க்க என்னிடம் வந்தது. பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி லோடு வரும்போது மட்டும் எப்போதாவது ஒரேயடியாக நின்றுவிடும், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் சரியாகும். கேபிளை மாற்றினார்கள், எர்த்தைச் சோதித்தார்கள், யுபிஎஸ் கூட மாற்றினார்கள். பிறகு கோடைத் திறந்து பார்த்தால், விபியின் டைமர் ஃபங்ஷனை வைத்து லூப் போட்டிருக்கிறார்கள். அந்த ஃபங்ஷன் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆனது என்று சொல்லும். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 12 மணிக்கு மூன்று விநாடி இருக்கும்போது பட்டனை அழுத்தினால் தொடக்கம் 86,397. ஐந்தைக் கூட்டினால் 86,402. அந்த எண்ணை அது எந்தக் காலத்திலும் தொடாது, ஏனென்றால் 12 அடித்ததும் மறுபடி பூஜ்யம். லூப் விடிய விடிய ஓடும். மூன்று ஷிப்டும் ஓடுகிற ஆலையில் இது எப்போதாவது ஒருநாள் மாட்டத்தானே செய்யும்!

என் கட்சி டைமர் கன்ட்ரோல்தான். ஃபார்மில் ஒரு டைமரை வை, 5000 கொடு, தொடக்கிவிட்டு ஃபங்ஷனை விட்டு வெளியே வா. நேரம் ஆனதும் அதுவே கூப்பிடும். விபி 6-இல் இன்டர்வல் 65,535 மில்லிவிநாடிக்கு மேல் போகாது, அதாவது ஒரு நிமிடம் ஐந்து விநாடி. டாட்நெட்டில் (சி ஷார்ப் ஓடும் தளம்) அந்தத் தொல்லை இல்லை.

பரிசல்துறை (ஒகேனக்கல்)

சரி, டூஈவென்ட்ஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் டைமர் வைத்தால் 5, 2, 10 என்று மூன்று டைமர், மூன்று ஃபங்ஷன் ஆகிறதே. மேலிருந்து கீழே படிக்கிற மாதிரி இருந்த கோடு மூன்று துண்டாகிவிடும்.

இரண்டாம் ஷிப்ட் (ஓசூர்)

அதற்குத்தான் அசிங்க், அவெயிட் வந்தது. 2012-இல் சி ஷார்ப் 5, டாட்நெட் 4.5.

பட்டனின் கிளிக் ஃபங்ஷன் தலைப்பில் 'வாய்ட்' என்பதற்கு முன் 'அசிங்க்' என்று சேர்த்துவிட்டு, த்ரெட்.ஸ்லீப்(5000) இருக்கிற இடத்தில் 'அவெயிட் டாஸ்க்.டிலே(5000)' என்று மாற்றுங்கள். மற்ற வரிகள் இருந்தபடியே இருக்கட்டும். அவெயிட் வந்ததும் ஃபங்ஷன் அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு வெளியே போய்விடும். யூஐ த்ரெட் தன் வரிசையைப் பார்க்கப் போகும், லேபிள் தெரியும், ஜன்னல் நகரும். 5 விநாடி ஆனதும் அடையாளம் வைத்த இடத்திலிருந்து தொடரும், அதுவும் யூஐ த்ரெட்டிலேயே. அதனால் லேபிள், கட்டம் எதை வேண்டுமானாலும் தொடலாம். அந்த 5 விநாடிக்கும் எந்த த்ரெட்டும் சும்மா உட்கார்ந்திருக்காது, உள்ளே ஒரு டைமர்தான் ஓடும்.

இப்போது பட்டனை முதல் வரியில் முடக்கினால் உண்மையாகவே முடங்கும். நடுவில் வருகிற கிளிக்குகள் முடங்கிய பட்டனில் பட்டு வீணாகும். திறக்கிற வரியை மட்டும் ஃபைனலியில் (பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடுகிற பகுதி) வையுங்கள். இல்லாவிட்டால் பிரிண்டரில் தாள் தீர்ந்து பிழை வந்த அன்றைக்குப் பட்டன் திறக்கவே திறக்காது.

மூன்று எச்சரிக்கை:

அசிங்க் வாய்ட் என்பதைப் பட்டன் கிளிக் மாதிரி ஈவென்ட் ஃபங்ஷனுக்கு மட்டும் வையுங்கள். மற்றதெல்லாம் அசிங்க் டாஸ்க். வாய்ட் என்றால் அதைக் கூப்பிட்டவர் அது முடியும் வரை காத்திருக்கவும் முடியாது, உள்ளே வெடித்த பிழையைப் பிடிக்கவும் முடியாது.

டாஸ்க்.டிலே(5000).வெயிட்() என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது த்ரெட்.ஸ்லீப்பே தான், சட்டை மட்டும் வேறு. நீங்களே எழுதிய அசிங்க் ஃபங்ஷனைக் கூப்பிட்டு .ரிசல்ட் கேட்டால் இன்னும் மோசம்: அது முடிய யூஐ த்ரெட் வேண்டும், யூஐ த்ரெட்டோ அது முடியக் காத்திருக்கும். இரண்டும் நகராது.

கடைசியாக, காத்திருக்கும்போது ஃபார்மை மூடினால் என்ன ஆகும்? 10 விநாடி கழித்து இல்லாத ஃபார்மின் லேபிளைத் தொடப் போய்ப் பிழை வரலாம். கேன்சலேஷன் டோக்கன் ஒன்றை டிலேக்குக் கொடுத்து, ஃபார்ம் மூடும்போது ரத்து செய்யுங்கள். ரத்தானதும் அது ஒரு எக்ஸெப்ஷனாக (பிழையாக) வரும், அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

அதியமான்கோட்டை (தர்மபுரி)

நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் எடைமேடை ரூமில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் டாட்நெட் 4.0-க்கு மேல் ஏறாது. அங்கே போய் அவெயிட் என்றால் யார் கேட்பது?

கிளிமூக்கு (கிருஷ்ணகிரி)

இந்த ஆலையில் விண்டோஸ் 7. ஆனால் இதே முதலாளியின் இன்னொரு யூனிட்டில் எக்ஸ்பிதான் ஓடுகிறது, அதை மாற்ற மாட்டேன் என்கிறார். இரண்டு இடத்துக்கும் ஒரே கோடு என்றால் வசதி.

கூட்டுப்புழு (பாலக்கோடு)

அண்ணா, நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் எழுதுவது பைத்தானில், ஜன்னலுக்கு டிகின்டர். எங்கள் வீட்டுப் பட்டுப்புழு மனையில் வெப்பமும் ஈரப்பதமும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்துத் திரையில் காட்ட வேண்டும். டைம்.ஸ்லீப் போட்டால் இதே மாதிரி உறைகிறது. ஆஃப்டர் என்று ஒன்று இருக்கிறது என்று பார்த்து, 'படி' என்ற ஃபங்ஷனுக்குள்ளேயே கடைசி வரியாக ரூட்.ஆஃப்டர்(600000, படி()) என்று எழுதினேன். பத்து நிமிடம் பொறுக்கவே இல்லை, ஓடின உடனே ரிகர்ஷன் பிழை.

இரண்டாம் ஷிப்ட் (ஓசூர்)

'படி'க்குப் பின்னால் இருக்கிற அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். அடைப்புக்குறி இருந்தால் 'இப்போதே கூப்பிட்டு, கிடைத்ததை ஆஃப்டரிடம் கொடு' என்று ஆகிறது. உள்ளே போனது மறுபடி தன்னையே கூப்பிடுகிறது, பைத்தானின் 1000 வரம்பில் போய் முட்டி நிற்கிறது. வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் பத்து நிமிடம் கழித்து அதுவே கூப்பிடும். ஆஃப்டர் ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தரும், அதை வைத்துக்கொண்டால் ஜன்னலை மூடும்போது ஆஃப்டர்_கேன்சல் செய்யலாம்.

அதியமான்கோட்டை (தர்மபுரி)

தம்பியோ தங்கச்சியோ, ஒன்று சேர்த்துக்கொள். சென்சார் பதில் சொல்ல நேரம் எடுத்தால் அந்த நேரத்துக்கும் திரை உறையும். ஆஃப்டர் காத்திருப்பதற்கு மட்டும்தான் உதவும், மெதுவான வேலைக்கு உதவாது. அப்படி இருந்தால் படிக்கிற வேலையைத் தனி த்ரெட்டில் விட்டு, கிடைத்த எண்ணை ஒரு க்யூவில் போடு. திரைப் பக்கம் ஆஃப்டர் வைத்து அந்தக் க்யூவை எட்டிப் பார். தனி த்ரெட்டிலிருந்து நேராக லேபிளைத் தொடாதே.

தென்பெண்ணை (காவேரிப்பட்டினம்)

எல்லோரும் 5 விநாடி எப்படிக் காத்திருப்பது என்றே பேசுகிறீர்கள். ஏன் 5 விநாடி?

நான் எடைமேடை சர்வீஸில் இருக்கிறேன். காலி டெம்போ ஏறினால் இரண்டு விநாடியில் எண் நின்றுவிடும். முழு லோடு லாரி, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், 5 விநாடி போதாது. முன்னதில் நேரம் வீண், பின்னதில் ஆடிக்கொண்டிருக்கிற எண் சீட்டில் ஏறும். அந்தச் சீட்டை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம்.

நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள், எடை நிற்கக் காத்திருங்கள். பல இண்டிகேட்டர்கள் எடையோடு சேர்த்து 'நின்றுவிட்டது', 'ஆடுகிறது' என்ற குறியையும் அனுப்பும், உங்கள் மாடலின் மேனுவலில் பாருங்கள். குறி வராவிட்டால் நீங்களே கணக்கிடலாம்: கடைசி இரண்டு விநாடியில் வந்த எண்களில் பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் மேடையின் ஒரு பிரிவுக்குள் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒரு பிரிவு 5 கிலோவா 10 கிலோவா என்பது இண்டிகேட்டர் தகட்டிலேயே இருக்கும். 15 விநாடி ஆகியும் நிற்காவிட்டால் 'எஞ்சினை அணைக்கவும்' என்று திரையில் காட்டுங்கள். அந்த 15 விநாடிக்கு வேண்டுமானால் டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சீட்டு வராமல் இருக்கவும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. ஓர் எடை பதிவானபின் மேடை பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் அடுத்த எடை. ஆபரேட்டர் எத்தனை தட்டு தட்டினாலும் நடக்காது.

தடுப்புக் கட்டை பற்றி: 10 விநாடியில் இறக்கு என்பதைக் கம்ப்யூட்டரிடம் மட்டும் விடவே விடாதீர்கள். லாரி நடுவில் நின்றுவிட்டால்? தடுப்புக்குக் கீழே சென்சார் வைத்து, வண்டி இருக்கும் வரை இறங்காதபடி தடுப்பின் சொந்த கன்ட்ரோலரிலேயே கட்ட வேண்டும். புரோகிராம் 'இறக்கலாம்' என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இரண்டாம் ஷிப்ட் (ஓசூர்)

இதை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்படியே ஏற்கிறேன்.

இண்டிகேட்டரைத் தொடர்ந்து படிக்கப் போவதால் ஒரு விஷயம். சீரியல் போர்ட்டின் டேட்டாரிசீவ்டு ஈவென்ட் (தகவல் வந்துவிட்டது என்று சொல்வது) யூஐ த்ரெட்டில் வராது, வேறு த்ரெட்டில் வரும். அங்கிருந்து லேபிளைத் தொட்டால் கிராஸ் த்ரெட் பிழை. பிகின்இன்வோக் வழியாக யூஐ த்ரெட்டுக்கு அனுப்புங்கள். வெறும் இன்வோக் வேண்டாம், அது அனுப்பிய வேலை முடியும் வரை காத்திருக்கும். ஃபார்மை மூடும்போது யூஐ த்ரெட் போர்ட்டை மூடக் காத்திருக்கும், போர்ட்டின் த்ரெட் இன்வோக் முடியக் காத்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும்.

அதியமான்கோட்டை (தர்மபுரி)

இப்படி என்றால் எக்ஸ்பிக்கும் சேர்த்து ஒரே வழி இருக்கிறது. ஒரே ஒரு ஃபார்ம் டைமர், 200 மில்லிவிநாடி. ஒரு வேரியபிளில் நிலை: மேடை காலி, எடை ஆடுகிறது, எடை நின்றது, அச்சானது, வண்டி மேடையை விட்டு இறங்கக் காத்திருக்கிறது. டைமர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் 'இப்போது எந்த நிலை, அடுத்ததற்குப் போகலாமா' என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்று டைமர், மூன்று துண்டு என்ற பரிசல்துறையின் குறையும் இதில் இல்லை. ஃபார்ம் டைமர் 55 மில்லிவிநாடிக்குக் கீழே நம்பத்தக்கது இல்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது, 200-க்கு அது பிரச்சினை இல்லை.

எத்தனை விநாடி ஆனது என்பதை டைமர் அடித்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். வரிசையில் வேறு வேலை இருந்தால் டைமரின் செய்தி பின்னுக்குப் போகும், நடுவில் சில அடிகள் தவறும். ஸ்டாப்வாட்ச் கிளாஸை வையுங்கள். டேட்டைம்.நவ் என்றால் யாராவது கடிகாரத்தைத் திருத்தினால் கெட்டது. என்விரான்மென்ட்.டிக்கவுன்ட் என்றால், அணைக்காமல் ஓடுகிற கம்ப்யூட்டரில் 24 நாளைத் தாண்டி 25 ஆகும் முன் எண் மைனஸுக்குப் போய்விடும். சீசன் முழுக்க அணைக்காத கம்ப்யூட்டர் உங்களுடையது, மறக்காதீர்கள்.

கிளிமூக்கு (கிருஷ்ணகிரி)

ஒரே டைமர், நிலை வேரியபிள் என்ற வழியில் மாற்றி எழுதிவிட்டேன். எங்கள் இண்டிகேட்டர் நின்றுவிட்ட குறியை அனுப்புகிறது, இவ்வளவு நாளும் அந்த எழுத்தை வெட்டிப் போட்டுவிட்டு எண்ணை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். மேடை பூஜ்யத்துக்கு வந்தால்தான் அடுத்தது என்பதையும் சேர்த்தாகிவிட்டது. தடுப்புக்கு சென்சார் வைக்க எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம் மீதி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு போகும்போது மட்டும் திரை ஒரு விநாடி திணறுகிறது. அப்புறம், 'எஞ்சினை அணைக்கவும்' என்பதை மெசேஜ்பாக்ஸில் காட்டினேன். ஒன்று வர வேண்டிய இடத்தில் மேலே மேலே இருபது, முப்பது பெட்டி அடுக்கிவிட்டது.

இரண்டாம் ஷிப்ட் (ஓசூர்)

பிரிண்டர்: அங்கே நடப்பது காத்திருப்பு இல்லை, உண்மையான வேலை. அச்சிடும் ஃபங்ஷனைத் தனி த்ரெட்டுக்கு அனுப்புங்கள். விண்டோஸ் 7-இல் டாஸ்க்.ரன், எக்ஸ்பிக்கும் சேர்த்து என்றால் பேக்கிரவுண்ட்வொர்க்கர். அதற்கு வேண்டிய வண்டி எண், எடை எல்லாவற்றையும் முதலிலேயே வேரியபிளில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அங்கிருந்து ஃபார்மைத் தொட வேண்டியே வராது.

அதியமான்கோட்டை (தர்மபுரி)

பெட்டி அடுக்கியதற்குக் காரணம்: மெசேஜ்பாக்ஸ் உங்கள் ஃபங்ஷனைத்தான் நிறுத்தி வைக்கிறது, டைமரை இல்லை. பெட்டி திறந்திருக்கும்போதும் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும், 200 மில்லிவிநாடிக்கு ஒருமுறை டைமர் அடிக்கும், நிலை மாறாததால் இன்னொரு பெட்டி வரும். மெசேஜ்பாக்ஸுக்கு முந்தின வரியில் டைமரை நிறுத்து, பிந்தின வரியில் தொடக்கு. அதை விட நல்லது, பெட்டியே வேண்டாம். ஃபார்மின் மேலே பெரிய எழுத்தில் சிவப்பு லேபிளாகக் காட்டு. ஆபரேட்டர் ஓகே அழுத்த மேடையை விட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை, எடை நின்றதும் அதுவே மறைந்துவிடும்.